கல்யாணத் தரகு பார்க்கும் குழந்தைகள்

அக்டோபர் மாதம் முடிவதற்குள்ளாகவே அமெரிக்காவின் ஹால்மார்க் தொலைக்காட்சி கிறிஸ்துமஸ் காதல் படங்களை வரிசையாக ஒளிபரப்பத் தொடங்கிவிடுகிறது. 2009-இல் ஆரம்பித்த இந்த ஏற்பாடு, பத்தே ஆண்டுகளில் பருவத்துக்கு ஏறத்தாழ 40 புதுப் படங்கள் என்னும் அளவுக்குப் பெருகி, அதே சாயலில் பிறர் எடுக்கும் படங்களோடு சேர்ந்து, இப்போது ஓ.டி.டி. தளங்களின் மார்க்கமாக நம் வீட்டுக் கூடங்களிலும் ஓடிக்கொண்டிருக்கிறது. அவற்றில் சலிக்காமல் திரும்பத் திரும்ப வரும் கதை ஒன்று உண்டு: மனைவியை இழந்த தகப்பன், அவனுக்கு ஏழெட்டு வயதுப் பிள்ளை, பனி பெய்யும் சிற்றூர், பண்டிகைக்கு அங்கே வந்து தங்கும் ஒரு பெண். பிள்ளை கிறிஸ்துமஸ் தாத்தாவுக்குக் கடிதம் எழுதி, சிறு சிறு தந்திரங்கள் செய்து, பெரியவர்கள் இருவரையும் ஓரிடத்தில் கொண்டுவந்து நிறுத்த, விடுமுறை முடிவதற்குள் விவாகம் நிச்சயமாகிவிடும்.

இதைக் குடும்பத்தோடு பார்க்கத் தக்க தீங்கற்ற பொழுதுபோக்கு என்று எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள். நான் ஒப்புக்கொள்ளவில்லை. 2021-இல் ஓ.டி.டி. தளங்களுக்கும், 2024-இல் திரையரங்குப் படங்களுக்கும் 7, 13, 16 என்று வயதுப் படிகள் வகுத்த நம் அரசாங்கம், வன்முறை, ஆபாசம், போதை, பயங்கரம் என்று பிள்ளைகளுக்கு ஆகாதவற்றையெல்லாம் பரிசீலிக்கச் சொல்லியிருக்கிறது. பெற்றோருக்குத் துணை தேடித் தரும் பாரத்தை எட்டு வயதுப் பிள்ளையின் தலையில் ஏற்றுவது ஒரு தீங்கு என்று மட்டும் எவருக்கும் தோன்றவில்லை.

இந்த வகைக் கதைகளில் மிகப் பிரசித்தமான ஒன்றை எழுதியவர் அதன் தீங்கை அறிந்தே எழுதினார் என்பதுதான் வியப்பு. ஜெர்மானிய எழுத்தாளர் எரிஷ் கெஸ்ட்னர், நாஜிகள் தம் நூல்களை நெருப்பிலிட்டதைக் கண்ணால் கண்டவர், 1942-இல் ஒரு திரைக்கதையாக எண்ணியதைப் போர் முடிந்தபின் 1949-இல் குழந்தைகளுக்கான நாவலாக வெளியிட்டார். கோடை விடுமுறை இல்லத்தில் தற்செயலாகச் சந்திக்கும் லூயிஸே, லொட்டே என்னும் இரண்டு சிறுமிகள், தாங்கள் இரட்டைப் பிறவிகள் என்பதையும், பிரிந்த பெற்றோர் தங்களை ஆளுக்கொன்றாகப் பங்கிட்டுக்கொண்டதையும் கண்டுபிடித்து, இடம் மாறி வீடு திரும்புகிறார்கள். வியன்னாவில் தந்தை வேறொரு பெண்ணை மணக்கப் போகிறார் என்று அறிந்த லொட்டே, அந்தப் பெண்ணின் வீட்டுக்குத் தனியாகவே சென்று, என் தந்தையை நீங்கள் மணக்கலாகாது என்று சொல்லிவிட்டுத் திரும்புகிறாள். திரும்பியவள் ஜுரத்தில் விழுந்து படுத்த படுக்கையாகிறாள். பெரியவர்களின் காரியத்தைச் சுமந்த சிறுமிக்கு அந்தச் சுமை என்ன செய்யும் என்பதை இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வது? பிரிந்த பெற்றோரால் வருந்தும் பிள்ளைகளைப் போலவே, பிரியாத பெற்றோரால் வருந்தும் பிள்ளைகளும் உண்டு என்பதையும் அதே நூலில் எழுதிவைத்த நேர்மையாளர் அவர்.

அந்தக் கதையை 1961-இல் வால்ட் டிஸ்னி நிறுவனம் எடுத்தாண்டபோது ஜுரம் காணாமற் போயிற்று. தந்தை மணக்கவிருந்த பெண்ணைக் காட்டுக்கு அழைத்துச் சென்று, அவள் உறங்குகையில் காலில் தேனைத் தடவிக் கரடிக் குட்டிகளை நக்கவிடும் குறும்பு அதன் இடத்தில் வந்து உட்கார்ந்தது, அரங்கம் சிரித்தது. நம்மவர்களும் 1965-இல் கிருஷ்ணன்-பஞ்சு இயக்கத்தில், குட்டி பத்மினிக்கு இரட்டை வேடம் கொடுத்து, ‘குழந்தையும் தெய்வமும்’ என்று அதே கதையை எடுத்தார்கள். பெற்றோரைச் சேர்த்துவைப்பது பிள்ளையின் கடமை என்னும் எண்ணத்துக்கு நம் வீடுகளில் தெய்விகமும் ஏறிக்கொண்டது.

1993-இல் வந்த ‘ஸ்லீப்லெஸ் இன் சியாட்டில்’ என்னும் அமெரிக்கப் படம் இன்னும் ஒரு படி மேலே போயிற்று. தாயை இழந்த எட்டு வயதுப் பையன், கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவில் வானொலி நிலையத்துக்குத் தொலைபேசியில் பேசித் தன் தந்தைக்கு மனைவி வேண்டும் என்கிறான். பிறகு, பன்னிரண்டு வயது என்று பொய் பதிந்து தோழி வாங்கித் தந்த விமானச் சீட்டோடு, நியூயார்க்குக்குத் தன்னந்தனியாகப் பறந்து போகிறான். தேசம் முழுவதும் அதைக் கண்டு உருகிற்று. பதறித் தேடிவரும் தகப்பனின் முகத்தைப் பார்த்தும், அந்தப் பையனுக்கு இந்த வேலையைக் கொடுத்தது யார் என்று கேட்பாரில்லை.

வெறும் கற்பனைதானே என்பார்கள். பியூ ஆராய்ச்சி மையம் 2019-இல் 130 நாடுகளை ஒப்பிட்டு வெளியிட்ட கணக்கை அவர்கள் பார்க்கவேண்டும். வேறு பெரியவர் எவருமின்றித் தாயோடு மட்டுமோ தந்தையோடு மட்டுமோ வாழும் பிள்ளைகள் சீனாவில் நூற்றுக்கு 3 பேர், இந்தியாவில் 5 பேர், உலகச் சராசரி 7 பேர். அமெரிக்காவிலோ 23 பேர். அந்த 130 நாடுகளிலும் அதுவே உச்சம். 23 என்பது ஏறக்குறைய நான்கில் ஒன்று. பிள்ளை முயன்றால் வீடு நிறையும் என்னும் கதையை ஆண்டுதோறும் உற்பத்தி செய்யும் தேசமும், வீடு நிறையாத பிள்ளைகள் மிகுந்த தேசமும் ஒன்றாகவே இருப்பதைத் தற்செயல் என்று கொள்ள என் மனம் இசையவில்லை. படங்களில் தகப்பன் பெரும்பாலும் மனைவியை இழந்தவனாகவே வருவதன் அந்தரங்கமும் இதுதான்: இறந்தவள் திரும்பி வந்து உரிமை கோரமாட்டாள். வாழ்க்கையில் இருப்பவர்களோ பிரிந்த தாய்களும் தந்தையரும். அவர்களுக்கு நடுவே நின்று இந்தப் பிள்ளை எந்தத் தந்திரத்தைச் செய்வது?

உளவியலறிஞர் ஜூடித் வாலர்ஸ்டைன், 1971 முதல் கலிபோர்னியாவில் விவாகரத்தான 60 குடும்பங்களின் 131 பிள்ளைகளை இருபத்தைந்து ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தவர். பெற்றோர் மீண்டும் சேர்வார்கள் என்னும் கனவு பிள்ளைகள் மனத்தில் நெடுங்காலம் அணையாமல் கிடப்பதை எழுதிக் காட்டினார். ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழு அவரிடம் இல்லை என்று குறை கூறுவோர் உண்டு. தன்னால்தான் வீடு பிரிந்தது என்று அழும் பிள்ளைக்கு எந்த ஒப்பீடு ஆறுதல் தரும்? அவர்களோடு தர்க்கம் செய்யப் பிரியமில்லை.

இரண்டு மணப்பெண்கள் முத்தமிடும் விளம்பரம் பிள்ளைகளைக் கெடுக்கும் என்று அமெரிக்கத் தாய்மார் அமைப்பொன்று 2019 டிசம்பரில் கூச்சலிட, ஹால்மார்க் நிறுவனம் அதை நீக்கி, எதிர்ப்பு வரவே மன்னிப்புக் கேட்டு மீண்டும் ஏற்றுக்கொண்டது. பிள்ளைகளைத் தரகர்களாக்கும் கதைகளைப் பற்றி அந்தத் தாய்மார் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

வீட்டை நீதிமன்றம் ஒரு முறைதான் பிரிக்கிறது. இந்தப் படங்களோ ஒவ்வொரு டிசம்பரிலும் பிள்ளையை ஏமாற்றுகின்றன. விவாகரத்தைவிடப் பெரிய தீங்கு இவற்றால்தான் நிகழ்கிறது என்று சொல்ல நான் தயங்கமாட்டேன். பெற்றோருக்கு வரன் தேடும் பிள்ளை கதாநாயகனாக வரும் எந்தப் படத்தையும் 13 வயதுப் படிக்குக் கீழே அனுமதிக்கலாகாது. விதிகளில் ஒரு வரி சேர்த்தால் போதும். அடுத்த பண்டிகைப் பருவம் தொடங்குவதற்கு முன் அதை அரசாங்கம் சேர்க்கவேண்டும்.