கேட்டால்தான் கிடைக்கும்!



இந்தப் பகுதியில் சில வாரங்களுக்கு முன் ஒரு சகோதரி, ஜப்பானில் இருக்கும் தன் மகள் வீட்டுக்குப் போய் வந்த அனுபவத்தை எழுதியிருந்தார். 'அங்கே அரசாங்கம் வீடு தேடி வருகிறது. யாரும் யாரிடமும் போய் நிற்க வேண்டியதில்லை' என்று ஒரு வரி. டோக்கியோவை ஒட்டிய ஒரு நகரத்தில் பத்து வருடங்களுக்கு மேலாகக் குடும்பம் நடத்துகிறவள் நான். அந்த ஒரு வரியை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. தெரு சுத்தம், ரயில் நேரம், க்யூ வரிசை எல்லாம் சரி. ஆனால் அரசாங்கம் வீடு தேடி வருவதில்லை. காகிதம்தான் வீடு தேடி வரும். அதைப் படித்து, நாம் எழுந்து போய்க் கேட்டால்தான் எதுவும் கிடைக்கும்.

எங்கள் குடியிருப்பில் ஒரு தங்கை. சேலத்துப் பெண். இரண்டு குழந்தைகள். பெரியவனுக்கு ஆறு, சின்னவளுக்கு இரண்டு. வேறு நகரத்திலிருந்து இங்கே வீடு மாறி வந்தார்கள். இங்கே வீடு மாறினால் பதினான்கு நாளைக்குள் புதிய ஊர் நகராட்சி ஆபீஸில் விலாசம் பதிய வேண்டும். அவள் கணவர் ஆபீஸுக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு ஓடிப் போய்ப் பதிந்துவிட்டு, "எல்லாம் முடிஞ்சுது" என்று வந்துவிட்டார். முடியவில்லை! குழந்தைகளுக்கான உதவித் தொகையைப் புதிய ஊரில் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும், அதுவும் பதினைந்து நாளைக்குள். அது வேறு கவுண்டர்.

"பழைய ஊர்ல வந்துக்கிட்டிருந்ததே அக்கா, அதுவே இங்கேயும் தொடரும்னு நெனச்சோம்" என்றாள். நான்கு மாதம் போய்விட்டது. மூன்று வயதுக்குள் உள்ள குழந்தைக்கு மாதம் 15,000 யென், அதற்கு மேல் 10,000 யென். நான்கு மாதத்துக்குக் கணக்குப் போட்டால் ஒரு லட்சம் யென்! விண்ணப்பித்த மாதத்துக்கு அடுத்த மாதத்திலிருந்துதான் கொடுப்பார்கள். போனது போனதுதான். கவுண்டரில் இருந்த பெண் நிஜமாகவே வருத்தப்பட்டு, பத்து தடவை தலை குனிந்து மன்னிப்புக் கேட்டாராம். ஆனால் ஒரு யென் வரவில்லை.

இது அந்த ஊழியரின் குற்றமில்லை. இங்கே சட்டமே அப்படித்தான். 'ஷின்செய் ஷுகி' என்று ஒரு வார்த்தை சொல்வார்கள். விண்ணப்பித்தவருக்கே உண்டு என்று அர்த்தம். 2024 அக்டோபரில் இந்த உதவித் தொகையை விரிவாக்கினார்கள். சம்பள வரம்பை எடுத்துவிட்டார்கள், பதினெட்டு வயது வரை நீட்டினார்கள், மூன்றாவது குழந்தைக்கு 30,000 யென் என்றார்கள். கணவருக்குச் சம்பளம் அதிகம் என்பதால் அதுவரை கிடைக்காமலிருந்த குடும்பங்களும் விண்ணப்பம் கொடுத்துத்தான் வாங்க வேண்டியிருந்தது. அந்தக் கடிதத்தை விளம்பரக் காகிதம் என்று நினைத்துக் கிழித்துப் போட்டவர்கள் நம்மவர்களில் உண்டு.

இன்னொரு வேடிக்கை. தொகை, தாய் தகப்பனில் யாருக்கு வருமானம் அதிகமோ அவர் கணக்கில்தான் விழும். அதாவது நம் வீடுகளில் கணவர் கணக்கில். விண்ணப்பத்தைக் கொண்டு போய்க் கொடுக்க மட்டும் மனைவி போகலாம்! சரி, அந்தச் சண்டையை இன்னொரு நாள் போட்டுக்கொள்ளலாம். இப்போது நான் சொல்ல வந்தது, காகிதங்களை நாம் படிக்க வேண்டும் என்பதுதான்.

நம் பெண்களில் பெரும்பாலோர் கணவர் விசாவில் வந்தவர்கள். எம்.எஸ்ஸி., பி.இ. படித்தவர்கள். ஊரில் பாங்க், ரேஷன் கடை, மின்சார ஆபீஸ் என்று தனியாக அலைந்து காரியத்தை முடித்தவர்கள். இங்கே வந்ததும் மொழி தெரியவில்லை என்ற ஒரே காரணத்தால் தபால் பெட்டியில் வருகிற எல்லாவற்றையும் அள்ளி, 'அவர் வந்து பார்ப்பார்' என்று டைனிங் டேபிள் ஓரத்தில் அடுக்கி வைக்கிறோம். அவர் ராத்திரி பத்து மணிக்கு வருகிறார். சாப்பிட்டுவிட்டுப் படுக்கிறார். ஞாயிற்றுக்கிழமை அந்த அடுக்கு குப்பைக்குப் போகிறது. ஆனால் ஊசி போட வேண்டிய குழந்தை நம் இடுப்பில், பள்ளிக்கூடம் சேர வேண்டிய பையன் நம் கையைப் பிடித்துக்கொண்டு. பள்ளிக்கூடம் என்றதும் ஞாபகம் வருகிறது. ஜப்பானியப் பிள்ளைக்குத்தான் இங்கே கட்டாயக் கல்வி. நம் பிள்ளைக்கு நாம் விரும்பிக் கேட்டால் இலவசமாகச் சேர்த்துக்கொள்வார்கள். கேட்காவிட்டால் கட்டாயம் இல்லை என்பதுதான் சட்டம். இதையும் அந்த அடுக்கில் உள்ள ஒரு காகிதம்தான் சொல்லும்.

ஊர் ஊருக்கு நகராட்சி 'கோஹோ' என்று ஒரு செய்தித்தாள் போடுகிறது. மாதம் ஒன்றோ இரண்டோ. தடுப்பூசி நாள், நூலகத்தில் கதை சொல்லும் நேரம், இலவச உடல் பரிசோதனை, வக்கீல் ஆலோசனை, பழைய சைக்கிள் விற்பனை என்று எல்லாம் அதில் இருக்கும். சில ஊர்களில் வீட்டுக்கு வீடு போடுவார்கள். சில ஊர்களில் தினசரிப் பேப்பருக்குள் செருகி வரும். நாம் ஜப்பானியப் பேப்பர் வாங்குவதில்லை, ஆகவே அதுவும் நமக்கு வராது! ரயில் நிலையத்திலும் நூலகத்திலும் அடுக்கி வைத்திருப்பார்கள், காசு கிடையாது. எடுத்துக்கொண்டு வரலாம். படிக்கத் தெரியாதே என்கிறீர்களா? இன்று கையிலிருக்கும் செல்போனைக் காகிதத்தின் மேல் காட்டினால் சுமாரான ஆங்கிலத்திலோ தமிழிலோ சொல்லிவிடுகிறது. சில சமயம் சிரிப்பாக மொழிபெயர்க்கும். ஆனால் விஷயம் என்ன என்று பெரும்பாலும் புரிந்துவிடும். நாங்கள் நாலைந்து பேர் மாதம் ஒரு நாள் காபி போட்டுக்கொண்டு உட்கார்ந்து சேர்ந்து படிக்கிறோம். அரட்டை பாதி, கோஹோ பாதி.

குப்பை பிரிப்பது பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள், நான் விட்டுவிடுகிறேன்.

'கைரான்பான்' பற்றி மட்டும் கொஞ்சம் எழுத வேண்டும். ஒரு அட்டை, அதில் கிளிப், அதற்குள் நாலு காகிதம். நம் வாசலில் தொங்கும். படித்துவிட்டு, நம் பெயருக்கு எதிரே கையெழுத்தோ முத்திரையோ போட்டு அடுத்த வீட்டு வாசலில் வைக்க வேண்டும். தெருவோரச் சங்கம், 'சோனாய்காய்' என்பார்கள், அது நடத்துகிற சுற்றறிக்கை. யார் வீட்டில் இழவு, எந்த ஞாயிறு வாய்க்கால் சுத்தம் செய்கிறோம், எந்தச் சந்தில் திருட்டு என்கிற செய்திகள் அதில் வரும். போர்க் காலத்தில் 1940-இல் அரசாங்கமே இந்தச் சங்கங்களை நாடெங்கும் கட்டாயமாக அமைத்து, ரேஷனுக்கும் கண்காணிப்புக்கும் பயன்படுத்தியது. போர் முடிந்து அமெரிக்கர்கள் 1947-இல் தடை செய்தார்கள். அப்புறம் மெல்ல மெல்லத் திரும்பி வந்துவிட்டது. அதனால் வயதான ஜப்பானியர் சிலருக்கே இதன் மேல் ஒரு கசப்பு உண்டு. இளவயதுக்காரர்கள் சேருவதும் குறைந்து வருகிறது. சேரத்தான் வேண்டும் என்று கட்டாயமில்லை. அப்படிச் சேர்ந்தவர் விலகிக்கொள்ளலாம் என்று உச்ச நீதிமன்றமே 2005-இல் சொல்லியிருக்கிறது.

ஆனாலும் நான் சேருங்கள் என்றுதான் சொல்வேன். எங்கள் சங்கத்தில் மாதம் சில நூறு யென் சந்தா. ஒரு கிலோ தக்காளி விலை. 1995 ஜனவரி 17-ஆம் தேதி கோபே நகரத்தில் பூகம்பம் வந்து ஆறாயிரம் பேருக்கு மேல் மாண்டார்களே, அன்று இடிபாட்டிலிருந்து உயிரோடு எடுக்கப்பட்டவர்களில் பெரும்பாலோரை எடுத்தது தீயணைப்புப் படை அல்ல, அக்கம் பக்கத்து மனிதர்கள். இந்த வீட்டில் பாட்டி எந்த அறையில் படுப்பாள் என்று அவர்களுக்குத்தான் தெரியும். நம் வீட்டில் இரண்டு குழந்தைகள் இருப்பது பக்கத்து வீட்டுக்குத் தெரியுமா?

குறை சொல்லவும் இருக்கிறது. தலைவர், உபதலைவர், பொருளாளர் எல்லாம் பெரும்பாலும் ரிட்டையர் ஆன ஆண்கள். திருவிழா வந்தால் சோற்று உருண்டை பிடிப்பதும், தேநீர் கலப்பதும், கடைசியில் பாத்திரம் கழுவுவதும் 'மகளிர் பிரிவு'! இதைப் பார்த்தபோது எனக்கு எங்கள் தெருப் பிள்ளையார் கோயில் கமிட்டிதான் ஞாபகம் வந்தது. எல்லா ஊரிலும் ஒரே கதைதான் போலிருக்கிறது. பக்கத்து வீட்டு ஜப்பானியப் பாட்டியிடம் இதைச் சொன்னேன். "நாற்பது வருஷமா நானும் இதையேதான் சொல்றேன்" என்றார்.

சாயந்திரம் ஐந்து மணிக்குப் பல ஊர்களில் கம்பத்து ஒலிபெருக்கியில் ஒரு மெட்டு வரும். குழந்தைகள் வீடு திரும்பும் நேரம். புதிதாக வந்தவர்கள் 'என்ன அழகு!' என்று வீடியோ எடுத்து அம்மாவுக்கு அனுப்புவார்கள். அழகுதான், ஆனால் அழகுக்காக வைத்ததல்ல. பேரிடர் அறிவிப்புக்கான ஒலிபெருக்கி வேலை செய்கிறதா என்று தினமும் சோதிக்கிறார்கள். காணாமல் போன முதியவரைப் பற்றிக்கூட சில ஊர்களில் அதில் சொல்வார்கள். வயது இவ்வளவு, சாம்பல் நிறச் சட்டை, கையில் குடை என்று. வெள்ளம் என்றாலும் அதே குரல்தான்.

நம்மவர்கள் ஏராளமாகக் குடியிருக்கும் நிஷிகாசாய் இருப்பது டோக்கியோவின் எடோகாவா வார்டில். அந்த வார்டு பெரிய ஆறுகளுக்கும் கடலுக்கும் நடுவே, சுமார் எழுபது சதவீதம் நிலம் கடல் பொங்கும் மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. 2019 மே மாதம் அந்த வார்டு ஒரு வெள்ள வரைபடம் வெளியிட்டது. அட்டையிலேயே 'இங்கே இருக்கக் கூடாது' என்று அச்சடித்திருந்தார்கள்! தன் ஊரைப் பற்றி ஒரு வார்டு ஆபீஸ் இப்படிப் பச்சையாகச் சொல்வதைப் பலர் கேலி செய்தார்கள். அதே வருடம் அக்டோபரில் பெரும் புயல் வந்து, வார்டின் ஒரு பகுதி மக்களை வெளியேறச் சொல்ல நேர்ந்தது. அப்புறம் யாரும் கேலி செய்யவில்லை. என்னைக் கேட்டால், பயமுறுத்துகிறார்கள் என்று திட்டு வாங்கினாலும் உண்மையை அட்டையில் போட்ட அந்த ஆபீஸுக்கு ஒரு கும்பிடு. அந்த வரைபடம் இன்று நம் எத்தனை வீட்டில் இருக்கிறது?

எச்சரிக்கையை நிறத்தாலும் தெரிந்துகொள்ளலாம், சகோதரிகளே. எழுத்து தெரியாவிட்டாலும் நிறம் தெரியுமே. சிவப்பு என்றால் மூன்றாம் நிலை, முதியவர்களும் கைக்குழந்தைக்காரர்களும் கிளம்ப வேண்டும். ஊதா என்றால் நான்காம் நிலை, ஆபத்தான இடத்திலிருக்கும் எல்லாரும் போய்விட வேண்டும். கறுப்பு வரும்வரை காத்திருக்கவே கூடாது.

அந்தக் கோபே பூகம்பத்தில்தான் அயல்நாட்டார் பலருக்கு அறிவிப்புகள் புரியாமல் போனது வெளியே தெரிந்தது. அதன் பின்னர் பிறந்ததுதான் 'எளிய ஜப்பானியம்'. 'தொசோகு கெங்கின்' என்று கரடுமுரடாக எழுதாமல், 'செருப்பைக் கழற்றுங்கள்' என்று சாதாரணமாக எழுதுவது. நம்மூர் அரசாங்கக் கடிதங்களையும் யாராவது இப்படி எழுதினால் புண்ணியமாகப் போகும்!

ஆனால் எளிய ஜப்பானியமும் ஜப்பானியம்தானே. கர்ப்பம் என்று பதிந்ததும் இலவசமாகக் கொடுக்கும் தாய் சேய் கையேடு, 1948-இலிருந்து இருக்கும் அருமையான ஏற்பாடு. நேபாளி, வியட்நாமியம், இந்தோனேசிய மொழி என்று பல மொழிகளில் பார்த்திருக்கிறேன். தமிழில் பார்த்ததில்லை. ஒரு அதிகாரியிடம் கேட்டேன். "உங்கள் மொழி பேசுகிறவர்கள் எத்தனை பேர்?" என்று திருப்பிக் கேட்டார். பதில் அவரிடமும் இல்லை, என்னிடமும் இல்லை. ஏனென்றால் குடியிருப்போர் பதிவேட்டில் எந்த நாடு என்றுதான் இருக்கிறது, எந்த மொழி என்று இல்லை. ஜப்பானில் இந்தியர் ஐம்பதாயிரத்துக்கு மேல். அதில் தமிழச்சி எத்தனை பேர் என்று யார் எண்ணுவது? நாமே எண்ணிக் கொடுத்தால் ஒழிய அவர்கள் கணக்கில் வர மாட்டோம். நமக்கு ஓட்டும் இல்லை. ஆனால் கருத்துச் சொல்ல வழி உண்டு. கவாசாகி நகரத்தில் 1996 முதல் வெளிநாட்டுக் குடியிருப்போருக்கென்றே ஒரு மன்றம் நடக்கிறது. மற்ற ஊர்களிலும் கோஹோவில் அவ்வப்போது 'பொதுமக்கள் கருத்து' கேட்டு அறிவிப்பு வரும். எங்கள் காபிக் கூட்டத்தார் சேர்ந்து, குழந்தைகளுக்கான ஊசி அட்டவணையையாவது தமிழில் போடச் சொல்லி எழுதியிருக்கிறோம். பதில் வந்தால் எழுதுகிறேன்.

ஜப்பானுக்குக் கைக்குழந்தையோடு கிளம்பும் பெண்களுக்கு ஒரு வேண்டுகோள். அப்பளம், ஊறுகாய் எடுத்து வைப்பதற்கு முன் ஊசி அட்டையை எடுத்து வையுங்கள். நம்மூரில் பி.சி.ஜி. பிறந்தவுடன் போட்டுவிடுகிறார்கள், இங்கே ஐந்து மாதத்துக்கு மேல்தான் போடுவார்கள். எந்த ஊசி எந்தத் தேதியில் போட்டது என்பதை உங்கள் டாக்டரிடம் சொல்லி ஆங்கிலத்தில், புரியும் கையெழுத்தில், எழுதி வாங்கி வாருங்கள். வந்து விலாசம் பதியப் போகும் அன்றே அதையும் பையில் வைத்துக்கொள்ளுங்கள். குழந்தைகள் பிரிவுக் கவுண்டர் வேறு இடத்தில் இருக்கும், கேட்டுக்கொண்டு போங்கள்.

— ஓர் இல்லத்தரசி, ஜப்பான்