எத்தனை மணிக்குச் சுட்டது?

சகோதரிகளே, தீக்காயத்தோடு மருத்துவமனைக்குப் போனால் தாதி கேட்கும் கேள்விகளில், நம்மவர்கள் பெரும்பாலும் மழுப்பும் கேள்வி ஒன்று உண்டு. "எத்தனை மணிக்குச் சுட்டது?"

என் சித்தப்பா ஒரு ஞாயிற்றுக்கிழமை லயத்துக்குப் பின்னால் சருகைக் குவித்து, பெட்ரோல் ஊற்றிப் பற்ற வைத்தார். காலை ஏழு மணி. குப்பென்று எழுந்த நெருப்பு கால்களையும் வயிற்றையும் பிடித்துக்கொண்டது. சித்தி கிச்சாப் தடவினார். பக்கத்து வீட்டுப் பாட்டி பற்பசையோடு ஓடி வந்தார். வண்டி கிடைத்துப் போய்ச் சேர்ந்தபோது மணி பத்து. தாதி கேட்டதும் சித்தி, "இப்பதாங்க, அரை மணி நேரம் இருக்கும்" என்றார். ஏன் இவ்வளவு தாமதம் என்று திட்டுவார்களே என்ற பயம்! பக்கத்தில் நின்ற நானும் வாயைத் திறக்கவில்லை.

அந்த அரை மணிக்குள் என்ன இருக்கிறது என்று எனக்குப் பிறகுதான் விளங்கியது. பெரிய தீக்காயம் பட்டால் இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து சதைக்குள் இறங்கிவிடுகிறது. முதல் சில மணி நேரத்தில்தான் கசிவு அதிகம். ஈடுகட்டாவிட்டால் சிறுநீரகம் கெடும், உயிரும் போகும். 1921இல் அமெரிக்காவின் நியூஹேவன் நகரில் ரியால்டோ திரையரங்கு எரிந்தபோது, அண்டர்ஹில் என்ற ஆய்வாளர் காயம்பட்டவர்களின் இரத்தத்தையும் கொப்புள நீரையும் சோதித்து எழுதிய குறிப்புகள் இதைப் புரியவைத்தன. 1968இல் டெக்சாஸ் டாக்டர் பாக்ஸ்டர் ஒரு கணக்கே கொடுத்தார். நோயாளியின் எடை, வெந்த தோலின் பங்கு, இரண்டையும் பெருக்கி நான்கால் பெருக்கு; அத்தனை மில்லிலிட்டர் மருந்து நீர். அதில் பாதி முதல் எட்டு மணி நேரத்தில் ஏற வேண்டும். எட்டு மணி நேரம் என்பது சுட்ட நேரத்திலிருந்து. வந்து சேர்ந்த நேரத்திலிருந்து அல்ல!

60 கிலோ ஆள், நூற்றில் 25 பங்கு வெந்திருக்கிறது என்று வையுங்கள். ஆறு லிட்டர். பாதி மூன்று லிட்டர். ஏழு மணிக்குச் சுட்டவருக்குப் பத்து மணியில் மிச்சம் ஐந்து மணி நேரம், ஆகவே மணிக்கு 600 மில்லி. ஒன்பதரை என்று சொன்னால் மணிக்கு 400 தான் போகும். இது தொடக்கக் கணக்குதான். சிறுநீர் அளவைப் பார்த்துப் பிறகு கூட்டுவார்கள், குறைப்பார்கள். இன்று சில இடங்களில் நான்குக்குப் பதில் இரண்டில் தொடங்குவதும் உண்டு. ஆனாலும் தொடக்கமே பிசகினால்?

பங்கை எப்படி அறிகிறார்கள்? தாளில் மனித உருவம் ஒன்று, முன்பக்கமும் பின்பக்கமும். வெந்த இடத்தைப் பேனாவால் தீட்டுவார்கள். பெரியவர்களுக்குத் தலை 9, ஒரு கை 9, ஒரு கால் 18. கைக்குழந்தைக்கு இது பொருந்தாது. தலை பெரிதல்லவா, அது மட்டும் ஏறக்குறைய 19. கிச்சாப் பூசினால் கறுப்பு நிறத்தில் காயமே தெரியாது. முதலில் அதைத் துடைத்தெடுக்க வேண்டும். சித்தப்பா போட்ட கூச்சல் இன்னும் என் காதில் நிற்கிறது. குழாய்த் தண்ணீரை இருபது நிமிடம் ஓடவிட்டிருந்தால் போதும்.

அந்தத் தாள் அவரோடு முடிந்துவிடுவதில்லை. நார்வேயின் ஹார்ஸ்டாட் என்ற சிற்றூரில், 1980களின் நடுவிலிருந்து, சுட்டுக்கொண்டு வந்த ஒவ்வொரு சிறு குழந்தையைப் பற்றியும் எதனால், எங்கே, எப்படி என்று மருத்துவமனையில் எழுதி வைத்தார்கள். அடுப்பும் வெந்நீர்க் குழாயும் கண்ணில் பட்டன. அடுப்புக்குத் தடுப்பு வைக்கவும், வெந்நீரின் சூட்டைக் குறைக்கவும் தாய்மாரிடம் எடுத்துச் சொன்னார்கள். சில ஆண்டுகளில் காயங்கள் பாதிக்கும் கீழே இறங்கின. உலகில் ஆண்டுக்குச் சுமார் 180,000 பேர் தீக்காயத்தால் இறப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. எல்லா நாட்டு மருத்துவமனைகளும் ஒரே மாதிரி எழுத அது ஒரு பொதுப் படிவமும் வைத்திருக்கிறது. "பெட்ரோல்" என்று சொல்ல வெட்கப்பட்டு "அடுப்பு" என்று நாம் சொன்னால், படிவத்தில் அடுப்புதான் ஏறும்.

சித்தியின் கதையை முடிக்கவில்லையே! ஊசி ஏற்றும்போது அவருக்கு மனது கேட்கவில்லை. தாதியின் கையைப் பிடித்து, "ஏழு மணிங்கம்மா, ஏழு" என்றார். தாதி திட்டவில்லை. பழைய எண்ணை ஒரு கோட்டில் அடித்துப் பக்கத்தில் ஏழு என்று எழுதி, டாக்டரைக் கூப்பிட்டார். சொட்டு வேகமாக விழத் தொடங்கியது.