எந்தக் கப்பலில் வந்த சரக்கு?

பெண் தன் காலில் நிற்க முயலும் கதைகள் நம் சங்க நூலகத்திற்கு வேண்டா என்போர் நம்மிடையே பெருகி வருகின்றனர். அவை மேனாட்டு இறக்குமதியாம். அடக்கமாய் வளர்ந்த பெண்களின் மனத்தைக் கலைத்துவிடுமாம். பிழைக்க வந்த ஊரில் குடும்பமும் சிதைந்தால் நமக்கு மிஞ்சுவது யாது என்று வினவுகின்றனர். கடைசி அச்சம் நமக்கும் விளங்காமலில்லை. உற்றார் உறவினரை விட்டு வெகுதொலைவு வந்து, வீடு ஒன்றையே தமிழகமாகக் கொண்டு வாழ்பவர்கள் நாம். ஆயினும் இறக்குமதி என்று பேசுவோர், தாம் குடியிருக்கும் ஊரின் வரலாற்றையேனும் சற்றுப் புரட்டியிருக்கலாம்.

1882-ஆம் ஆண்டு இதே புனேயில் அச்சேறியது தாராபாய் ஷிண்டே எழுதிய 'ஸ்திரீ புருஷ் துலனா'. சிசுவைக் கொன்றதாகச் சூரத்தில் ஒரு விதவைக்குத் தண்டனை விதிக்கப்பட்டபோது, நாடெங்கும் பெண்ணினத்தையே பழித்தனர். பெண்ணின் மீது சுமத்தும் குற்றங்களில் ஆணிடம் இல்லாதது எது என்று கேட்டார் புல்டாணாவில் வாழ்ந்த அந்த அம்மையார். அது நாவலன்று; எனினும் அக்காலக் கதைகளும் நாடகங்களும் பெண்ணைச் சித்திரித்த முறையை அது விட்டுவைக்கவில்லை. 1933-இல் விபாவரி சிரூர்கர் என்ற பெயரில் ஒரு சிறுகதைத் தொகுதி வெளிவர, மராத்தி உலகம் கொதித்தது. எழுதியவர் யார் என்று தேடினர். அவர் கார்வே நிறுவிய பெண்கல்வி நிலையத்தில் பயின்ற மாலதிபாய். மறு ஆண்டே, கணவனைப் பிரிந்த ஒருத்தி தன் வாழ்வைத் தானே அமைத்துக்கொள்ள முற்படுவதை 'ஹிந்தோள்யாவர்' என்று நாவலாக்கினார். இவர்களெல்லாம் எந்தக் கப்பலில் வந்திறங்கினார்கள்?

தமிழிலும் குறைவில்லை. பள்ளிப் படிப்பை முடிக்காமலே மணமான ராஜம் கிருஷ்ணன், உப்பளத் தொழிலாளரிடையே சென்று கண்டு 'கரிப்பு மணிகள்' எழுதினார். இது படித்த வீட்டுப் பெண்களின் பொழுதுபோக்கு என்பார்க்கு அது ஒன்றே போதும்.

நமக்குக் குறை உண்டெனில் அது வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளின் மீதுதான். கதாநாயகிக்கு வேலை கிடைக்கும். முதல் சம்பளம் வரும். விடுதலையும் உடன் வந்துவிடும்! 1972-இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்ற 'சில நேரங்களில் சில மனிதர்கள்' அந்தப் பொய்யைச் சொல்லவில்லை. ஜெயகாந்தனின் கங்கா படித்தவள், நல்ல சம்பளம் பெறுபவள். அச்சம்பளம் அவளை வெங்கு மாமாவின் பார்வையிலிருந்து காத்ததா? ஆண் ஒருவர் எழுதியதாயினும் கணக்குச் சரியாகவே இருக்கிறது.

நம் அலுவலகத்தில் ஒரு தமிழ்ப் பெண்மணி பணிபுரிகிறார்; நம்மினும் மூத்தவர். மாதந்தோறும் அவர் கணக்கில் சம்பளம் விழுகிறது, ஏ.டி.எம். அட்டையோ கணவரின் சட்டைப் பையில். பேருந்துக் கட்டணத்தைக் காலையில் எண்ணி வாங்கிக்கொண்டு வருகிறார். இவரது மனத்தையா நாவல் கலைத்துவிடும்? கலைய வேண்டியவர்கள் அன்றோ கவலைப்படுகிறார்கள்!

கங்காவின் கதையைச் சென்ற ஆண்டு அவருக்குக் கொடுத்தோம். செய்தித்தாளால் அட்டை போட்டு, உணவு இடைவேளையில் படிக்கிறார். இன்னும் திருப்பித் தரவில்லை; நாமும் கேட்கவில்லை.