பழைய நாஸ் பெட்டிக்கு வயசாயிடுச்சா?

வீட்டு போட்டோ, வீடியோ எல்லாத்தையும் நாஸ்ங்கற நெட்வொர்க் ஸ்டோரேஜ் பெட்டியில போட்டு, ரவுட்டர் பக்கத்துல வச்சுட்டு மறந்துடறோம். பச்சை விளக்கு எரியுது, ஆறேழு வருஷமா ஓடுது, அப்புறம் என்ன?

2021 ஜூன்ல வெஸ்டர்ன் டிஜிட்டலோட மை புக் லைவ் வச்சிருந்த பலருக்கு மொத்த ஃபைலும் காலி. இணையம் வழியா புகுந்து ஃபேக்டரி ரீசெட் பண்ணிட்டாங்க. டிஸ்க்ல கோளாறே கிடையாது. அந்த மாடலுக்கு கம்பெனி 2015லயே அப்டேட்டை நிறுத்தியிருந்தது.

அதனால என் கருத்து, திரும்பவும் ஒரு மூடின பெட்டி வாங்காதீங்க. நீங்களே ஒண்ணு அசெம்பிள் பண்ணுங்க. சும்மா கிடக்கற டெஸ்க்டாப், 8 ஜிபி ராம், சிஸ்டத்துக்கு ஒரு சின்ன எஸ்எஸ்டி, ரெண்டு புது ஹார்ட் டிஸ்க், இலவசமா கிடைக்கற ட்ரூநாஸ். டிஸ்க் வாங்கறப்போ சிஎம்ஆர் ரகமான்னு கேளுங்க, எஸ்எம்ஆர் இதுக்கு சரிப்படாது.

இதுல இருக்கற இசட்எஃப்எஸ், ஒவ்வொரு பிளாக்குக்கும் செக்சம் வச்சிருக்கும். ஒரு டிஸ்க்ல டேட்டா சத்தமில்லாம கெட்டுப்போனா, இன்னொரு டிஸ்க்ல இருக்கற நல்ல பிரதியை வச்சு சரிபண்ணிடும். மாசம் ஒரு தடவை ‘ஸ்க்ரப்’ ஓட விடுங்க. டிஸ்க்குக்கு மாஸ்டர் ஹெல்த் செக்கப்னு வச்சுக்கோங்க! மதர்போர்டு போயிடுச்சா? டிஸ்கை வேற கம்ப்யூட்டர்ல மாட்டி இம்போர்ட் பண்ணா போதும்.

கரண்ட் பில் கொஞ்சம் ஏறும்தான்.

ரெண்டு டிஸ்க் இருந்தாலும் அது பேக்கப் ஆகாது. நீங்க அழிச்சா ரெண்டுலயும் அழியும். எக்ஸ்டர்னல் டிஸ்க்ல ஒரு காப்பி எடுத்து அக்கா வீட்டு பீரோவுல வைங்க. அதுல நாலு ஃபைலைத் திறந்து பார்த்த பிறகு பழைய பெட்டியை அணைக்கலாம்.