காலி விமானமும் ரிட்டன் லோடும்: நாமக்கல் லாரிக்காரருக்குத் தெரிந்த ஒரு கணக்கு (நீண்ட இழை)

1/
நாமக்கல், சங்ககிரி பக்கம் லாரி வெச்சிருக்கிற யாரை வேணும்னாலும் கேட்டுப் பாருங்க. ஒரே பாடம்தான் சொல்லுவாங்க. "லோடு ஏத்திட்டுப் போறது பெருசு இல்லீங்க, ரிட்டன் லோடு கிடைக்கணும். காலி வண்டி ஓட்டினா டீசல் காசு கையை விட்டுப் போயிரும்."
அதனாலதான் டிரைவர்கள் வெளியூர் புக்கிங் ஆபீஸ் வாசல்ல நாள் கணக்கா லோடுக்குக் காத்திருக்காங்க.

2/
இப்ப அதே கணக்கை விமானத்துக்குப் போடுவோம். உலகத்தில் சில விமானங்கள் ஆளே இல்லாம, இல்லேன்னா விரல் விட்டு எண்ணக்கூடிய ஆட்களோட பறக்குது. தெரிஞ்சேதான் பறக்குது. இதுக்கு ஆங்கில ஊடகங்கள் வெச்ச பேரு "பேய் விமானங்கள்".
ஏன் பறக்குது? அதனால நம்ம ஊருக்கு என்ன? ஒரு டாக்டர் இதை ஏன் பேசணும்? மூணுக்கும் பதில் சொல்றேன். கொஞ்சம் பொறுமையா படிங்க.

3/
முதல்ல "ஏன்".
கூட்டம் அதிகமுள்ள பெரிய விமான நிலையங்களில் விமானம் இறங்கவும் கிளம்பவும் நேரம் ஒதுக்குவாங்க. இதுக்குப் பேரு ஸ்லாட். காலை 8 மணி ஸ்லாட் என்பது ஊர் நடுவுல கடைவீதியில் கடை கிடைச்ச மாதிரி. தங்கம்.
ஐரோப்பாவில் 1993ல் வந்த விதிப்படி, ஒதுக்கிய ஸ்லாட்டில் 80 சதவீதத்தைப் பயன்படுத்தணும். இல்லேன்னா அடுத்த சீசனில் அது வேற நிறுவனத்துக்குப் போயிரும்.

4/
விதியின் நோக்கம் நல்லதுதான். பெரிய நிறுவனம் இடத்தைப் பிடிச்சு வெச்சுக்கிட்டு சின்ன நிறுவனத்தை உள்ளே விடாம தடுக்கக் கூடாது. ஆனா கூட்டம் குறையும்போது இதே விதி தலைகீழா வேலை செய்யுது. பயணி இல்லேன்னாலும், ஸ்லாட்டைக் காப்பாத்த விமானத்தை எடுத்தே ஆகணும்.

5/
கொரோனா வந்ததும் 2020 மார்ச்சில் ஐரோப்பிய ஒன்றியம் இந்த விதியை நிறுத்தி வெச்சது. பிறகு 80க்குப் பதிலா 50 சதவீதம்னு தளர்த்தித் திரும்பக் கொண்டு வந்தது. அப்படியும் அந்த 2021-22 குளிர்காலத்தில், ஸ்லாட்டைக் காப்பாத்த மட்டும் 18,000 தேவையற்ற விமானங்களை இயக்க வேண்டியிருக்குன்னு லுஃப்தான்சா குழுமத்தின் தலைவர் கார்ஸ்டன் ஸ்போர் வெளிப்படையாச் சொன்னார்.
அந்த 18,000மும் முழுக்கக் காலி இல்லை. தேவையே இல்லாதவை. வித்தியாசத்தைக் கவனிங்க.

6/
இன்னொரு சம்பவம். 2008 பிப்ரவரியில் அமெரிக்கன் ஏர்லைன்ஸின் போயிங் 777 ஒண்ணு சிகாகோவிலிருந்து லண்டனுக்கு வெறும் 5 பயணிகளோட போச்சு. எரிபொருள் சுமார் 80,000 லிட்டர். கேட்டதுக்கு நிறுவனம் சொன்ன காரணம்: லண்டன்ல இருந்து திரும்பி வர விமானம் நிறைய ஆளு காத்திருக்காங்க.
அதாவது ரிட்டன் லோடு! நம்ம லாரிக்காரர் இதைக் கேட்டா உடனே புரிஞ்சுக்குவார். ரிட்டன் லோடுக்காகக் காலியாப் போறதுல ஒரு கணக்கு இருக்கு. ஸ்லாட்டுக்காகக் காலியாப் போறதுல பயணிக்கு எந்தக் கணக்கும் இல்லை.

7/
இங்கேதான் என் தொழில் வருது.
காலியா இருப்பதெல்லாம் வீண் இல்லை. ஐசியுவில் ஒரு படுக்கை காலியா இருக்கணும். இல்லேன்னா ராத்திரி 2 மணிக்கு வர்ற மாரடைப்பு நோயாளிக்கு இடம் இருக்காது. 108 ஆம்புலன்ஸ் நோயாளியை எடுக்கப் போகும்போது காலியாத்தான் போகும். பாம்புக்கடி மருந்து யாருக்கும் போடாம ஃப்ரிட்ஜில் இருந்தா அது நஷ்டம் இல்லை, தயார்நிலை.

8/
ஊருக்குள்ளேயே பாருங்க. ராத்திரி கடைசி டவுன் பஸ்ல நாலு பேர்தான் இருப்பாங்க. ஒருத்தர் டூட்டி முடிச்ச நர்ஸ், ஒருத்தர் மில்லு வேலைக்காரர், ஒரு பூக்கார அம்மா. அந்த பஸ்ஸை நிறுத்தினா அவங்க வீடு போய்ச் சேர முடியாது. அது காலி பஸ் இல்லை, சேவை.
நாமக்கல்லில் இருந்து ஓடுற கேஸ் டேங்கர் லாரியும் இறக்கிட்டுக் காலியாத்தான் திரும்பும். அதுல வேற சரக்கு ஏத்த முடியாது.

9/
அதனால கேட்க வேண்டிய கேள்வி "எத்தனை சீட் காலி?" என்பது மட்டும் இல்லை. "இந்தக் காலி யாருக்காக?" என்பதுதான்.
நோயாளிக்காகவா, பயணிக்காகவா, இல்லை ஒரு நிறுவனத்தின் இடத்தைக் காப்பாத்தவா? மூணாவதுன்னா, அந்தப் புகைக்கு நியாயமே கிடையாது.

10/
சரி, நம்ம ஊர்க் கதைக்கு வருவோம்.
ஓமலூர் பக்கம் காமலாபுரத்தில் இருக்கிற சேலம் விமான நிலையம் 1993ல் திறந்தது. நம்ம ஊர்ல காலி விமானத்தை விடக் காலி விமான நிலையத்தைத்தான் அதிகம் பார்த்திருக்கோம். 2009ல் கிங்ஃபிஷர் வந்துச்சு, சில வருஷத்தில் நின்னுது. 2018 மார்ச்சில் உதான் திட்டத்தில் ட்ரூஜெட் சென்னைக்குப் பறந்துச்சு. அதுவும் 2021ல் நின்னுது. 2023 அக்டோபரில் இண்டிகோ, அலையன்ஸ் ஏர் மூலமா மறுபடி ஆரம்பம்.

11/
உதான்னா என்ன? சின்ன ஊர்களுக்கு விமானம் விட்டா நஷ்டம் வரும். அதனால குறிப்பிட்ட சீட்டுகளுக்குக் கட்டண உச்சவரம்பு வெச்சு, நிறுவனத்துக்கு வர்ற குறையை மூணு வருஷத்துக்கு அரசு ஈடு கட்டும்.
இதை மத்திய தணிக்கைத் துறை (சிஏஜி) 2023ல் ஆராய்ந்து அறிக்கை கொடுத்தது. ஒதுக்கின 774 வழித்தடங்களில் 403 ஆரம்பிக்கவே இல்லை. ஆரம்பிச்ச 371ல் மூணு வருஷம் முழுசா ஓடினது 112. அதுக்குப் பிறகும், 2023 மார்ச் நிலவரப்படி தாக்குப்பிடிச்சது 54 மட்டும்.

12/
இதைப் படிச்சிட்டு "உதானே வேண்டாம்"னு நான் சொல்லலை. மலைப்பகுதி, தீவு, வடகிழக்கு மாநிலங்கள்... அங்கே சாலை வழியாப் போக நாள் கணக்காகும். அங்கே பத்து பேரோட பறந்தாலும் அது நம்ம கடைசி பஸ் மாதிரி. காசு போடுங்க, தப்பில்லை.
ஆனா சேலம் - சென்னை? இது சமவெளி. மின்சார ரயில் பாதை இருக்கு.

13/
வந்தே பாரத்தில் சேலத்தில் இருந்து சென்னைக்கு ஏறத்தாழ 4 மணி நேரம். ராத்திரி ஏற்காடு எக்ஸ்பிரஸ் ஏறினா தூங்கி எழும்போது சென்னை.
விமானம் வானத்தில் இருப்பது ஒரு மணி நேரம்தான். ஆனா ஊருக்குள்ள இருந்து காமலாபுரம் போகணும், ஒரு மணி நேரம் முன்னாடியே உள்ளே இருக்கணும், மீனம்பாக்கத்தில் இறங்கிச் சென்னை டிராஃபிக்கைத் தாண்டணும். மிச்சம் ஆகிற நேரம் எவ்வளவுன்னு நீங்களே கூட்டிப் பாருங்க.

14/
இப்ப புகைக் கணக்கு. இந்த மாதிரிக் குறைந்த தூரத்துக்கு 70 சீட் ஏடிஆர் விமானம் தோராயமா 600 கிலோ எரிபொருள் எரிக்கும். ஒரு கிலோ விமான எரிபொருள் எரிஞ்சா 3.16 கிலோ கார்பன் டை ஆக்சைடு. ஆக மொத்தம் சுமார் 1,900 கிலோ.
70 பேர் இருந்தா தலைக்கு 27 கிலோ.
14 பேர் இருந்தா தலைக்கு 135 கிலோ.

15/
அதே தூரத்துக்கு ஒரு டீசல் பஸ். 340 கிலோமீட்டர், லிட்டருக்கு 4 கிலோமீட்டர்னு வெச்சா 85 லிட்டர். சுமார் 230 கிலோ கார்பன் டை ஆக்சைடு.
40 பேர் இருந்தா தலைக்கு 6 கிலோ கூட வராது. வெறும் 10 பேர் இருந்தாலும் 23 கிலோதான்.
முக்கால்வாசி காலியா ஓடுற பஸ், நிறைஞ்சு பறக்கிற விமானத்தை விடக் குறைவாப் புகை விடுது. இந்த ஒரு வரியை மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க.

16/
"அப்ப டிக்கெட்டை மலிவாக்கி விமானத்தை நிரப்பிட்டா பிரச்சினை தீர்ந்துச்சா டாக்டர்?"
தீராது. தலைக்கு இவ்வளவுங்கிற கணக்கு அழகாகும். மொத்தப் புகை அப்படியேதான் இருக்கும். ரயிலில் போயிருக்க வேண்டியவரை இழுத்து விமானத்தில் உட்கார வெச்சு, அடுத்து ரெண்டாவது விமானமும் விட்டா மொத்தம் கூடத்தான் செய்யும். சர்க்கரை நோயாளி சின்னத் தட்டில் மூணு தடவை சோறு வாங்கின கதை.

17/
"அவசர சிகிச்சைக்கு விமானம் வேணுமே?"
நியாயமான கேள்வி. ஆனா சேந்தமங்கலத்தில் ஒருத்தருக்குப் பக்கவாதம் வந்தா அவர் ஏடிஆர் பிடிச்சுச் சென்னை போக மாட்டார். முதல் நாலரை மணி நேரத்துக்குள் ஸ்கேன் எடுத்து, ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசி போடணும். அதுக்கு வேண்டியது 108, நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரி, சேலம் மோகன் குமாரமங்கலம் மருத்துவமனை, அங்கே போதுமான டாக்டர், நர்ஸ். கால அட்டவணைப்படி பறக்கிற விமானம் இல்லை.

18/
இதெல்லாம் டாக்டர் ஏன் பேசணும்?
கார்பன் டை ஆக்சைடுக்கு ஊர் எல்லை கிடையாது. ஃபிராங்க்ஃபர்ட்டில் காலியாப் பறந்த விமானத்தின் புகையும், காமலாபுரத்தில் கிளம்பினதும் ஒரே வானத்தில்தான் சேருது. அதுல ஒரு பங்கு நூற்றாண்டுகள் தாண்டியும் அங்கேயே இருக்கும்.
சேலம், நாமக்கல் வெயில் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சித்திரை, வைகாசியில் வெயிலில் வேலை செய்யுற உடம்பு நீர்ச்சத்தும் உப்பும் இழக்கும். தசைப்பிடிப்பு, மயக்கம், சிறுநீரகக் கல், முத்தினா வெப்ப மயக்கத்தில் உயிரே போகும். செங்கல் சூளை, கரும்பு வெட்டு, லாரி கேபின்... இவங்கதான் முதல் வரிசை.

19/
கோழிப் பண்ணைக்காரரைக் கேளுங்க. வெயில் ஏறினா கோழி தீவனம் எடுக்காது, முட்டை குறையும், ஓடு மெலிசாகும், செத்தும் விழும். பண்ணைக்கு ஃபாகர் போடுறோம், கூரைக்குத் தண்ணி தெளிக்கிறோம். கரும்பு வெட்டுறவருக்கு எந்த ஃபாகர்?

20/
2018ஆம் ஆண்டுக்கான ஒரு உலகளாவிய ஆய்வு சொல்லுது: அந்த வருஷம் உலக மக்களில் சுமார் 11 சதவீதம் பேர்தான் விமானம் ஏறினாங்க. வெறும் 1 சதவீதம் பேர் பயணிகள் விமானப் புகையில் பாதிக்குக் காரணம்.
வாழ்நாளில் விமானமே ஏறாத ஒருத்தர் அந்த வெயிலை வாங்கிக்கிறார். பறந்தவர் ஏசியில் இருக்கார்.

21/
இன்னொண்ணு. இதே சேலம் விமான நிலைய விரிவாக்கத்துக்கு 2018ல் சுமார் 570 ஏக்கர் கேட்டாங்க. காமலாபுரம், பொட்டியபுரம், சிக்கனம்பட்டி, தும்பிபாடி விவசாயிகள் எதிர்த்து நின்னாங்க. விமானம் வருதா நிக்குதான்னு முப்பது வருஷமாத் தெரியாத இடத்துக்கு, வருஷாவருஷம் விளையுற நிலத்தைக் கேட்டா அவங்க கேள்வி கேட்கத்தானே செய்வாங்க?

22/
அப்ப என்ன செய்யலாம்? என் கருத்து:
• கூட்டம் குறையும் காலத்தில் ஸ்லாட்டை முன்கூட்டியே திருப்பிக் கொடுக்கிற நிறுவனம் அதை இழக்கக் கூடாது. கொரோனாவில் செய்ய முடிஞ்சதை எப்பவும் செய்யலாம்.
• மானியம் கொடுக்கும் முன், "நாலு மணி நேரத்தில் போக ரயில் இருக்கா?"ன்னு ஒரு கேள்வி கட்டாயம்.
• அந்தக் காசில் ஒரு பங்கை 2013ல் திறந்த சேலம் - நாமக்கல் - கரூர் பாதையில் கூடுதல் ரயிலுக்கும், கிராமத்து ராத்திரி பஸ்ஸுக்கும் போடுங்க.

23/
நீங்க செய்யக்கூடியது? அவசரம் இருந்தா, முடியாத உடம்பா இருந்தா, கண்டிப்பா விமானத்தில் போங்க. குற்ற உணர்ச்சியே வேண்டாம். மத்தபடி சென்னைக்கு ரயில் டிக்கெட் போடுங்க. "எங்க ஊருக்கும் விமானம் வேணும்"னு மேடையில் கேட்கிறவரிடம், "எங்க ஊருக்கு இன்னொரு ரயில் எப்பங்க?"ன்னு கேளுங்க.

24/
லோடு இல்லாத வண்டியை எடுக்க நம்ம ஊரு லாரிக்காரர் பத்து தடவை யோசிப்பார். ஏன்னா டீசல் காசு அவர் பையில இருந்து போகுது. காலி விமானத்தை எடுக்கிறவர் யோசிக்காததுக்குக் காரணம், அந்தச் செலவில் பெரும்பங்கு அடுத்தவர் உடம்பில் இருந்து போகுது.
அந்த உடம்புகளைத்தான் நாங்க ஓபியில் பார்க்கிறோம்.

வெயில் நேரம். தண்ணி குடிங்க, மோர் குடிங்க. மாற்றுக் கருத்து இருந்தா கீழே எழுதுங்க, பேசுவோம்.