வெள்ளைக் குட்டி வாங்கப் போகிறவர்களுக்கு

 

என் பழைய மாணவன் ஒருவன் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை பார்க்கிறான். நைட் ஷிப்ட் நாட்களில் வீட்டுக்குக் காவலாக இருக்கட்டும் என்று ராஜபாளையம் குட்டி வாங்கி வளர்த்தான். ஒன்றரை வயதாகிறது. "கேட்டைத் திறந்தாலும் எழுந்திருக்க மாட்டேங்குது சார். சுத்த சோம்பேறி" என்றான். போட்டோவைப் பார்த்தேன். பால் வெள்ளை, ரோஜா நிற மூக்கு. அது தூங்கும்போது பின்னால் நின்று தட்டில் கரண்டியால் தட்டிப் பார்க்கச் சொன்னேன். மறுநாளே போன்: "அசையவே இல்லை சார்."

பாவம், அது சோம்பேறி இல்லை. பிறவியிலேயே காது கேட்காது.

உடம்புக்கு நிறம் தரும் செல்கள் உட்செவியிலும் உண்டு. அவை அங்கே இல்லாவிட்டால், குட்டி பிறந்த சில வாரங்களில் கேட்கும் செல்கள் செத்துவிடும். டால்மேஷனிலும் இதே கதைதான். அமெரிக்காவில் சோதித்ததில் ஏறக்குறைய 30 சதவீதத்துக்கு ஒரு காதோ இரு காதுமோ கேட்கவில்லை. ராஜபாளையத்தில் நாம் தூய வெள்ளைதான் வேண்டும் என்று கேட்கக் கேட்க, கறையுள்ள குட்டிகள் ஒதுக்கப்பட்டன. 2005-ல் தபால் தலையில் வந்த பெருமைமிக்க இனம் அது! குற்றம் விற்பவரிடம் மட்டுமா இருக்கிறது?

நான் பதறியது வேறு விஷயத்துக்கு. அதை இனச்சேர்க்கைக்கு ஒருவர் கேட்டாராம். குட்டிகளை விற்றால் செலவு திரும்பும் என்று இவனும் யோசித்திருக்கிறான். பத்தாம் வகுப்பில் மெண்டலின் பட்டாணியை நடத்தியவன் நான்! இது பட்டாணி போல அத்தனை எளிய கணக்கும் இல்லை. நன்றாகக் கேட்கும் பெற்றோருக்கும் செவிட்டுக் குட்டி பிறக்கும். ஒரு காது மட்டும் கேட்காத நாயைத் தட்டைத் தட்டிக் கண்டுபிடிக்க முடியாது. அதற்கு மூளையின் மின்னலையைப் பதிவு செய்யும் 'பேயர்' சோதனை வேண்டும்.

2017-ம் ஆண்டின் மத்திய அரசு விதிகள்படி நாய் வளர்த்து விற்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிய வேண்டும். 8 வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது. பெட்டைக்கு ஆண்டுக்கு ஒரு ஈத்துதான். வாங்குகிறவர்கள் பதிவுச் சான்றைக் கேளுங்கள், தாயையும் தகப்பனையும் நேரில் பாருங்கள். முந்தைய ஈத்துக் குட்டிகளுக்குக் காது கேட்கிறதா என்றும் விசாரியுங்கள். மூக்கு கறுத்த குட்டி என்றால் முகம் சுளிக்காதீர்கள்.

இனச்சேர்க்கைக்கு மறுத்துவிட்டான் என் மாணவன். தரையைக் காலால் தட்டினால் நாய் எழுந்துகொள்கிறதாம். ஆனால் இவனுக்கு விற்றவரிடம் அதே தாய் மறுபடி சினையாக இருக்கிறது. அந்த ஈத்துக்கு முன்பணம் கொடுத்தவர் யாராவது இதைப் படித்தால், இன்றைக்கே எனக்குப் போன் செய்யுங்கள்.