கிரெனாஷ் குடிங்க, ஹார்ட்டைச் சாக்கு சொல்லாதீங்க

"டாக்டர், ரெட் வைன் ஹார்ட்டுக்கு நல்லதாமே?" இப்படிக் கேட்கிறவங்களுக்கு இந்தத் த்ரெட்.

பிரான்ஸில் ஷாட்டோநெஃப் து பாப்னு ஒரு ஊர் (வாயில் நுழையாத பேர்தான்). அங்கே ராயாஸ் என்ற பண்ணை கிரெனாஷ் என்ற ஒரே திராட்சை ரகத்தில் செய்யும் ரெட் வைன் உலகப் புகழ்பெற்றது.

கிரெனாஷ் தாமதமாகப் பழுக்கும். வெயிலில் சர்க்கரை ஏறிக்கிட்டே போகும். அந்தச் சர்க்கரையைத்தான் ஈஸ்ட் ஆல்கஹாலா மாத்துது. அதனால இதில் 15% ஆல்கஹால் சாதாரணம். 150 மி.லி. குடிச்சா சுமார் 18 கிராம் ஆல்கஹால் உள்ளே போகும்.

நீங்க நம்பியிருக்கிற ரெஸ்வெரட்ராலோ, ரெட் வைனில் லிட்டருக்குச் சில மில்லிகிராம்தான். மதுவில் பாதுகாப்பான அளவுன்னு எதுவும் இல்லைன்னு உலக சுகாதார நிறுவனம் 2023லேயே சொல்லிடுச்சு.

ஸ்ட்ராபெரி வாசனைக்காக எப்போதாவது குடிக்கிறேன்னு சொல்லுங்க, அது நேர்மை. குடிக்காதவங்க ஹார்ட்டுக்காக ஆரம்பிக்காதீங்க. பிரஷர் மாத்திரை சாப்பிடுறவங்க உங்க டாக்டர்கிட்ட குடிப்பழக்கத்தை மறைக்காதீங்க.